அழியும் தோட்டத்திற்கு உரமிடுதல்

நிலைத்து நில்லாத ஒன்றின்மீது செலுத்தும் அன்பு வீணாகிவிடுமா? வினா மிகப் பழையது. அது என் முன் வந்து நின்ற இடமோ சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த வெள்ளக்கடையில், என் மூத்த சகோதரியின் காப்பித் தோட்டத்து வீடு. நாள் 2020 டிசம்பர் 31.

அன்றிரவு அவர் கணினியின் முன் அமர்ந்து வேறொரு தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபார்ம்வில் என்னும் அந்த விளையாட்டு 2009 ஜூனில் முகநூலில் தொடங்கியது. உச்சத்திலிருந்த காலத்தில் நாளொன்றுக்கு 3 கோடிக்கும் மேற்பட்டோர் அதில் உழுது விதைத்தனர். அங்கே ஸ்ட்ராபெரி 4 மணி நேரத்தில் விளையும். காலம் தவறி அறுக்கப் போனால் பயிர் வாடிக் கிடக்கும். மரங்கள் மட்டும் வாடுவதில்லை. அண்டையார் வயலுக்குச் சென்று உரமிடலாம். இட்டவருக்கும் சிறு கூலி உண்டு. அவ்விளையாட்டைத் தாங்கி நின்ற ஃபிளாஷ் மென்பொருளை அடோபி நிறுவனம் அவ்வாண்டு இறுதியோடு கைவிட்டது. ஃபார்ம்வில்லும் அத்துடன் முடிந்தது.

சகோதரி ஒவ்வொரு தோட்டமாகப் புகுந்து அங்கிருந்த பயிருக்கு உரமிட்டார். “அறுவடையே இல்லாத வயலுக்கு உரம் எதற்கு?” என்றேன். “கடைசியாகப் போகிறோம், வெறுங்கையோடு போவானேன், தம்பி?” என்றார்.

இறுதியாக மச்சான் அவர்களின் தோட்டத்திற்கு வந்தார். மச்சான் வஃபாத்தாகி அப்போது 6 ஆண்டுகள் கடந்திருந்தன. வயல்கள் வாடிக் கிடந்தன. வேலியோரத்து மரங்களில் கனிகள் பழுத்தபடியே இருந்தன. அவர் இறுதியாக எங்கே விதைத்தார், எதை எங்கே நிறுத்தினார் என்பதெல்லாம் அப்படியே இருந்தன. சகோதரி எதையும் தொடவில்லை; நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கணினியை அணைத்தார்.

உலக முடிவு நெருங்கினும் கையிலுள்ள கன்றை நட்டுவிட வேண்டும் என்னும் கருத்துடைய நபிமொழியை நாம் அறிவோம். அது இதற்குப் பொருந்துமா என்று அன்று நான் ஐயுற்றேன். கன்று மண்ணில் வேர்விடுவது. திரையில் தெரிவதோ வெறும் ஒளி. ஆனால் உரமிட்டவர் ஒளி அல்லர். அவ்வயலுக்கு உரியவரும் ஒளி அல்லர். இருவரும் மனிதர், இருவருக்குமிடையே நிகழ்ந்தது அண்டையார் உறவு. வயல் பொய்யாகலாம், அந்த உறவைப் பொய்யென்று எப்படிச் சொல்வது? மற்ற நாள்களில் இட்ட உரத்திற்குக் கூலி இருந்தது. அன்றிரவோ அக்கூலியால் வாங்குவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கைம்மாறு கருதாத ஈகை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் நேரில் கண்டதில்லை.

அவ்வாறாயின் கதவை அடைப்பவருக்குக் கடமை ஏதுமில்லையா? உண்டு. பிறர் உழைப்பும் நினைவும் தம்மிடத்தில் வைக்கப்பட்டிருப்பதால் அது அமானிதமாகும். ஃபார்ம்வில்லை நடத்திய சிங்கா நிறுவனம் முடிவைச் செப்டம்பரிலேயே அறிவித்தது. நவம்பர் 17-க்குப் பின் விளையாட்டிற்குள் பணம் வாங்குவதையும் நிறுத்தியது. முன்னறிவித்தலும் பணம் பெறாதிருத்தலும் அந்த அமானிதத்தின் குறைந்த அளவு. ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டின் சேவையகங்கள் 2024 மார்ச் 31-இல் நிறுத்தப்பட்டபோது, விலை கொடுத்து வாங்கியவர்களாலும் அதைத் தொடர்ந்து ஆட முடியவில்லை. அதைக் கண்டு எழுந்த இயக்கத்தின் மனுவில் ஐரோப்பாவில் 2025-இல் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். கலிபோர்னியாவிலோ, இத்தகைய மின்பொருள்களை விற்பவர், வாங்குவோருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்னும் சட்டம் 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. விலைக்கு வாங்கியதன் இழப்பைச் சட்டம் ஓரளவு ஈடுசெய்யலாம். மச்சான் நிறுத்திய மரங்களுக்கு எந்தச் சட்டம் ஈடு தரும்?

அடுத்த நாள் காலை சகோதரி சொன்ன ஒன்று என்னை விட்டு இன்னும் அகலவில்லை. அந்த 6 ஆண்டுகளில் ஒருநாளேனும் மச்சானின் தோட்டத்திற்குள் அவர் சென்றதில்லையாம். “எப்போதும் இருக்கும் என்று நினைத்திருந்தேன்” என்றார். முடிவு அறிவிக்கப்படாதிருந்தால் அவர் அங்கே சென்றிருக்கவே மாட்டார். அழிவு ஒரு பொருளைப் பறிக்கிறது; பறிக்கும் முன் அதன் பக்கம் நம் முகத்தைத் திருப்பியும் விடுகிறது.

அது காப்பிப் பழம் பறிக்கும் பருவம். பேசிக்கொண்டே கூடையை எடுத்துக்கொண்டு, சவுக்கு மர நிழலிலும் மிளகுக் கொடிக்கு அருகிலுமாக மச்சான் தம் கையால் நட்ட செடிகளுக்கிடையே அவர் நடந்தார். நட்டபின் மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருந்தே காய்க்கக் கண்ட செடிகள் அவை. அவற்றுக்கும் ஒரு கடைசி இரவு உண்டு. அதற்கு முன்னறிவிப்பு வருவதில்லை. நானும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு அவர் பின்னே சென்றேன்.