அணு உலையின் இறுதிக் கடன்

ஒன்றை ஆக்குவதிலே காட்டும் ஆர்வத்தை அதனை அகற்றுவதிலே மாந்தர் காட்டுவதில்லை. 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று நம் முன்னோர் சொன்னார்களேயன்றி, கட்டியதை இடித்துப் பார் என்று எவரும் சொன்னாரல்லர். சொல்லவேண்டிய தேவையும் அவர்கட்கு இருந்ததில்லை. பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாகிய வீட்டைக் கைவிட்டால், மழையுங் கறையானும் எஞ்சியதைப் பார்த்துக்கொள்ளும். அணு மின்சார உலையோ அவ்வாறு கைவிடற்குரிய பொருளன்று. அது மின்சாரம் தருங் காலம் நாற்பது ஐம்பது ஆண்டு. அதனைப் பிரித்து, கழிவை ஒதுக்கி, நிலத்தைத் துப்புரவாக்கும் வேலை அதனினும் நீளக்கூடும். பயனை நுகர்ந்தவன் ஒருவன், பளுவைச் சுமப்பவன் வேறொருவன் என்னும் நிலை அறத்திற்கு ஒக்குமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினா.

பாலோவிலே செம்பனைக் குலையை எண்ணிக்கொண்டிருக்குங் கிராணிமாருக்கு அணு உலையோடு என்ன உறவு என்று அன்பர் சிலர் நகைக்கலாம். உறவு உண்டு. நம் மலேசியாவிலே அணு மின்சார நிலையம் ஒன்றும் இல்லை. பங்கியிலே 1982-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சிறியதோர் ஆராய்ச்சி உலையே உண்டு. ஆனால் அணு மின்சாரம் வேண்டுமென்னும் பேச்சு அண்மையில் மீண்டும் எழுந்திருக்கின்றது. நம்மவர் பலருடைய பூர்வீக மண்ணிலோ கல்பாக்கமும் கூடங்குளமும் இருக்கின்றன. ஆக்குமுன்னரே அகற்றுவதைப்பற்றிப் பேசுதல் அபசகுனம் என்பார், அபசகுனத்தை நம்புவோரே யாவர்.

பிரித்தானியர் தம் கால்டர் ஹால் நிலையத்தை 1956-இல் அரசியாரைக்கொண்டு திறந்தனர், 2003-இல் மூடினர். அது நிற்கும் செல்லாஃபீல்டு வளாகம் முழுவதையும் துப்புரவாக்கும் வேலை 2125-ஆம் ஆண்டளவிலே முடியுமென்று திட்டமிட்டிருக்கின்றனர். அதற்காகுஞ் செலவு 13,600 கோடி பவுன் என்று 2024-இல் அந்நாட்டுத் தணிக்கைத் துறை எடுத்துக்காட்டிற்று. திறப்பு விழாவிலே கைதட்டிய சிறுவனின் கொள்ளுப்பேரன் கிழவனாகுங்காலத்திலேதான் அக்கணக்கு முடியும்! ஜெர்மானியர் தம் கடைசி மூன்று உலைகளையும் 2023 ஏப்ரல் 15-ஆம் நாள் நிறுத்தினர். நிறுத்துதல் ஒருநாட் செயல். பிரித்தல் பல்லாண்டு வேலை. இந்தியாவிலே இராஜஸ்தானத்து முதல் உலை 2004 முதல் ஓடாது நிற்கின்றது.

நின்ற உலையை உடனே பிரிப்பதா, பொறுத்துப் பிரிப்பதா? இவ்விடத்திலேதான் அறிஞர் இருபாலாகின்றனர். உலை நின்றதும் எரிபொருளை எடுத்து நீர்த்தொட்டியில் ஆறவைப்பர். கதிர்வீச்சின் பெரும்பகுதி அதனோடு போய்விடும். இரும்பிலே ஊறியிருக்கும் கோபால்டு-60 முதலியவை எஞ்சும். அதன் வலிமை 5 ஆண்டு 3 மாதத்துக்கு ஒருமுறை பாதியாகின்றது. 53 ஆண்டு சென்றால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகும். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கலாகாதா, அவ்விரும்பை அறுக்கப் போகின்ற தொழிலாளி நமக்குப் பகைவனா என்று கேட்கின்றனர் பொறுக்கச் சொல்வோர். எளிதிலே தள்ளத்தக்க வாதமன்று இது. தொழிலாளியின் உடலைப்பற்றி அக்கறைகொண்ட எவரும் இதனை மதித்தல் வேண்டும்.

ஆயினும், ஆறுவது இரும்பு மட்டுமன்று, நினைவும் ஆறிப்போகின்றது. தோட்டத்திலே இதனை நாள்தோறுங் காண்கின்றோம். பழைய வடிகால் எந்த வரிசைக்குக் கீழே ஓடுகிறது, எந்தப் பள்ளத்திலே என்றோ மருந்துப் பீப்பாய்களைப் புதைத்தார்கள் என்பவற்றை ஆபீசிலுள்ள வரைபடம் சொல்வதில்லை. முதிய மண்டோர்தாம் சொல்வார். அவர் வேலையை விட்டுப் போனபின் மண்ணைத் தோண்டித்தான் அறிதல் வேண்டும். அணு உலையிலே அவ்வாறு தோண்டி அறிய முடியுமா? எந்தக் குழாய் எந்நாளிற் கசிந்தது, எந்தச் சுவரை எவர் மாற்றினர் என்றறிந்த கைகள் இருக்கும்போதே பிரிக்கத் தொடங்குவது நன்று. பொறுக்கவேண்டிய பகுதியைப் பொறுக்கலாம். ஆனால் பொறுக்கின்றோம் என்று சொல்லிக்கொண்டு மறந்தவர்களே மிகுதி.

நம் நாட்டிலேயே இதற்கொரு பாடம் உண்டு. அது அணு உலையன்று. எனினும் எச்சம் அவ்வினத்ததே. ஈப்போவுக்கு அணித்தான புக்கிட் மேராவிலே 'ஏசியன் ரேர் எர்த்' என்னும் ஆலை 1982-இல் இயங்கத் தொடங்கிற்று. ஈயமண் அரித்தபின் எஞ்சும் அமாங்கிலிருந்து அருமண் பொருள்களைப் பிரித்தெடுத்தல் அதன் தொழில். தோரியம் கலந்த கழிவு அதன் எச்சம். அக்கழிவுக்கு நிலையான இடம் அமையுமுன்னரே ஆலை ஓடிற்று. பப்பான் என்னும் ஊரிலே குழி வெட்டப் புகுந்தபோது அவ்வூரார் 1984-இல் எதிர்த்து நின்றனர். 1985-இல் புக்கிட் மேரா மக்கள் வழக்காடப் புகுந்தனர். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்துமாறு தீர்ப்பளித்தது. 1993-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. ஆயினும் 1994-இல் கம்பெனியாரே ஆலையை மூடினர். பின்னர் ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவிலே துப்புரவு வேலை நடந்து, கழிவு கிளேடாங் மலைத்தொடரிலே புதைக்கப்பட்டது. பன்னிரண்டாண்டுக் காலத்து ஆலை. அதிலும் இடையிலே நின்றிருந்த ஆலை! தோரியத்தின் வலிமை பாதியாவதற்கோ 1,400 கோடி ஆண்டு வேண்டும். பூமியின் வயதே ஏறத்தாழ 450 கோடி என்பர். கம்பெனிக்கு ஆயுள் உண்டு, அரசுக்கும் ஆயுள் உண்டு. அம்மலைச் சரிவைக் காப்பவர் யாவர்?

இன்னும் பிறவாதவனுக்கு உரிமை ஏது, அவன் நம்மினும் அறிவுடையவனாய்ப் பிறந்து இவற்றை யெல்லாம் நொடியிலே தீர்த்துவிடுவான் என்று கூறுவாருமுளர். கடன்பட்ட தந்தை, 'மகன் படித்துச் சம்பாதித்துக் கட்டுவான்' என்று கூறுவதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? அத்தந்தையாவது மகன் முகத்தைப் பார்த்திருக்கின்றான். முற்பிறப்பின் வினை இப்பிறப்பிலே வந்து வருத்தும் என்னுங் கொள்கையைப் பொய்யென மறுத்தோம். வறியவன் வறுமைக்கு அவன் அறியாத வினையைக் காரணங் காட்டுவது கொடுமை என்றோம். அங்ஙனம் மறுத்த நாமே, தான் செய்யாத வினையின் பயனை ஒருவன் நுகருமாறு இரும்பிலுஞ் சிமெந்திலும் கட்டிவைத்துப் போவதா? முன்வினை என்பது அப்போது மெய்யாகவே உண்டாகிவிடும். அதனை உண்டாக்கியவர் நாமாக இருப்போம்.

அணு மின்சாரம் ஆகாதென்பது நம் வாதமன்று. விளக்கு வேண்டும், புகையில்லா மின்சாரமாயின் மிக நன்று. அதனை அகற்றும் பொருளை அதனை நுகர்வோரே வைத்துப் போதல் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது. இந்திய அணு நிலையங்களிலே ஒரு யூனிட்டுக்கு 2 பைசா வீதம் இதற்கெனப் பிடிக்கின்றனர். நெறி நன்று, தொகை போதுமா என்பதிலே நமக்கு ஐயம் உண்டு.

தோட்டத்தாருக்கு இந்நெறி புதிதன்று. செம்பனை இருபத்தைந்தாண்டிலே ஓய்ந்துவிடும் என்பதை நட்ட நாளிலேயே அறிவோம். ரப்பர் காலத்திலே, 1952-இல், மலாயாவிலே மறுநடவுக்கென்றே ஒரு வாரியம் அமைத்தனர். ஏற்றுமதியாகும் ரப்பரின்மேல் வரி பிடித்து, முதிர்ந்த மரத்தை வெட்டி மீண்டும் நடுவோர்க்கு அத்தொகையைத் திருப்பிக் கொடுத்தனர். பால் தருகின்ற மரமே தன்னை வெட்டுங் கூலியையும் தந்துவிட்டுப் போயிற்று. பணமோ துரைமார் பெட்டியிலே இல்லை, வாரியத்தினிடம் இருந்தது. ஆதாயம் குறைந்த ஆண்டிலே முதலாளி முதலிற் கைவைப்பது எந்தப் பணத்திலே என்பதைக் கணக்கு எழுதுவோர் அறிவர்.

ஆகவே இந்நாட்டிலே அணு உலை வருமாயின், அதற்கு அடிக்கல் நாட்டுமுன்னரே இத்தகைய வாரியம் ஒன்றைச் சட்டத்தால் அமைத்தல் வேண்டும். அகற்றுஞ் செலவை மின்சாரக் கட்டணச் சீட்டிலே தனித்து அச்சிடுதல் வேண்டும். தோட்டத்தாரும் பட்டணத்தாரும் அதனை மாதந்தோறுங் காண்பர். எவ்வளவு சேர்ந்தது, யாரிடம் இருக்கிறது என்று கேட்கவுஞ் செய்வர்.