மாற்றத்துடன் அனுமதி

2016 ஜூலை 22ஆம் தேதி வெளியான ‘கபாலி’க்கு நடந்த விளம்பரத்தைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏர் ஏசியா தன் விமானத்தின் உடலிலேயே ரஜினிகாந்தின் உருவத்தை வரைந்து பறக்கவிட்டது. மலேசியத் தமிழரின் தோட்ட வாழ்க்கையும் அது சிதைந்தபின் முளைத்த குண்டர் கும்பல்களும்தான் கதை. தங்களைப் பற்றிய கதை இவ்வளவு பெரிய நட்சத்திரத்தோடு வருகிறது என்ற எதிர்பார்ப்பு நாடெங்கும் தமிழர்களிடம் இருந்தது. தோட்டங்களை இழந்து நகரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் நிறைந்த ஜொகூர் மாநிலத்தில் அதற்குக் கூடுதல் காரணமும் இருந்தது.

இயக்குநர் பா. ரஞ்சித் அந்தப் படத்தை ஒரு துப்பாக்கிச் சத்தத்தில் நிறுத்தியிருந்தார். கபாலிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டதில்தான் அந்த முடிவின் கனமே இருக்கிறது. மலேசியத் திரையரங்குகளுக்கு வந்த பிரதியிலோ, கபாலி காவல்துறையிடம் சரணடைந்துவிட்டார் என்று ஒரு வாசகம் திரையில் தோன்றியது. போலீஸை நம்பாத ஒரு மனிதனின் கதை, போலீஸ் நிலையத்தில் போய் முடிந்தது.

அந்த வாசகம் தேவையா என்று அப்போது நிறையப் பேசினார்கள். அதிகம் பேசப்படாமல் போன கேள்வி ஒன்று உண்டு. பிற நாட்டில் ஓடும் படத்திலிருந்து முடிவே மாறியிருக்கும் ஒரு பிரதியை விற்கும்போது, பணம் வாங்கும் முன் அதைப் பார்வையாளரிடம் சொல்லும் கடமை விற்பவருக்கு இல்லையா?

தணிக்கை, விநியோகஸ்தரின் விருப்பத்தில் நடப்பதில்லை. மலேசியாவின் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் தணிக்கை வாரியத்தின் அனுமதி இல்லாமல் எதையும் திரையிட முடியாது. இந்தச் சட்டம் வெறும் ஏட்டில் கிடப்பதுமில்லை. ஈழப்போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ‘நோ ஃபயர் ஸோன்’ ஆவணப்படத்தை 2013இல் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக மனித உரிமைச் செயற்பாட்டாளர் லீனா ஹென்றி மீது வழக்குப் போட்டார்கள். 2017இல் அவருக்கு 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. இப்படிப்பட்ட சட்டத்தின் கீழ் தொழில் செய்பவரைப் பார்த்து, வாரியம் சொன்னதை ஏன் ஏற்றாய் என்று கேட்பது நியாயமாகாது. ஆனால் வாரியத்தின் முடிவுகளில் ‘மாற்றத்துடன் அனுமதி’ என்றே ஒரு வகை இருக்கிறது. வாரியத்துக்கும் விநியோகஸ்தருக்கும் தெரிந்த அந்தத் தகவல், போஸ்டருக்கும் டிக்கெட்டுக்கும் வந்து சேராமல் நின்றுவிடுகிறது. வெட்டச் சொன்னது அரசு என்றாலும், வெட்டியதைச் சொல்லாமல் விற்பது வியாபாரத்தின் முடிவு.

இந்தக் கேள்வி ஜொகூரில் கூர்மை பெறுவதற்கு அதன் புவியியலே காரணம். ஜொகூரைச் சிங்கப்பூருடன் இணைக்கும், 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். அதன் ஒரு முனையில் மலேசியத் தணிக்கை, மறுமுனையில் சிங்கப்பூரின் தணிக்கை. ஒரு காலத்தில் இரு கரைக்கும் சிங்கப்பூரிலிருந்த ஷா, கேத்தே நிறுவனங்களே படம் கொடுத்தன. 1965இல் நாடுகள் பிரிந்தபின் ஒரே படம் இரு கரையிலும் வெவ்வேறு அளவில் ஓடுவது சாதாரணமாகிவிட்டது. தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் ஜொகூர்க்காரர் விரும்பினால் அங்கேயே டாலர் கொடுத்துப் பார்த்துக்கொள்வார். குறைந்தபட்சம் அங்குள்ள நண்பர்கள் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஜொகூரின் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் குடும்பத்தோடு வாரக்கடைசியில் படம் பார்க்கப் போகும் செம்பனைத் தோட்டத் தொழிலாளிக்கு அந்த வசதி கிடையாது. தான் பார்த்ததுதான் முழுப்படம் என்று அவர் நம்புகிறார். ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாதவரிடம் மௌனமாக இருப்பது, வழியுள்ளவரிடம் மௌனமாக இருப்பதைவிடப் பெரிய தவறு.

விநியோகஸ்தரின் தரப்பில் கனமான நியாயங்கள் உண்டு. சென்னையில் தயாரிப்பாளருக்கு மினிமம் கியாரண்டியாகப் பெருந்தொகை கொடுத்துத்தான் உரிமை வாங்குகிறார். உலகெங்கும் ஒரே நாளில் வெளியீடு. தணிக்கைக்கு என்று கிடைப்பது சில நாட்கள். ஒரு வாரம் தாமதித்தால் திருட்டுப் பிரதி கைப்பேசியில் வந்துவிடும், போட்ட பணம் போய்விடும். மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது என்பது உண்மைதான். 2017இல் ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ படத்தில் ஒரு காட்சியை வெட்டச் சொன்னபோது டிஸ்னி மறுத்து வெளியீட்டையே நிறுத்திவைத்தது. மேல்முறையீட்டில் வென்று, இரண்டு வாரம் தாமதமாக முழுப்படத்தையும் வெளியிட்டது. டிஸ்னிக்கு அந்த இரண்டு வாரத்தைத் தாங்கும் வலு இருந்தது. கடன் வாங்கி ஒரு தீபாவளிப் படத்தின் உரிமையை எடுத்திருப்பவரிடம் அதே துணிச்சலை எதிர்பார்ப்பது கொடுமை.

ஆனால் இந்த நியாயங்கள் எல்லாம் வெட்டை ஏற்றதற்கான நியாயங்கள். மறைத்ததற்கு இவற்றில் ஒன்றுகூடப் பதிலாகாது. மறைப்பதற்குச் சொல்லப்படும் காரணம் வேறு: “சொன்னால் ஜனம் வராது.” இந்த ஒரு வாக்கியத்தில் விநியோகஸ்தர் தன் வழக்கைத் தானே தோற்றுவிடுகிறார். எந்தத் தகவல் தெரிந்தால் வாங்குபவர் வாங்காமல் போகக்கூடுமோ, அதைத்தான் விற்பவர் கட்டாயம் சொல்லியாக வேண்டும். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றால் மறைக்கும் அவசியமே எழாது.

கட்டாயம் இல்லாத வெட்டுகளும் இருக்கின்றன. அங்கே பொறுப்பு இன்னும் கூடுகிறது. பெரியவர்களுக்கான வகைப்பாடு கிடைத்தால் குடும்பக் கூட்டம் குறையும் என்று கணக்குப் பார்த்து, விற்பவரே முன்வந்து காட்சிகளைக் குறைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். 2012இல் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ படம் பிரிட்டனில் சிறுவர்களும் பார்க்கும்படியான 12ஏ வகைப்பாட்டைப் பெறுவதற்காக ஏழு விநாடிகள் வெட்டப்பட்டது. வெட்டாமல் விட்டிருந்தால் 15 வயதுக்கான சான்றிதழ் கிடைத்திருக்கும். இத்தனையும் பொதுமக்களுக்குத் தெரிவதற்குக் காரணம், அந்நாட்டு வகைப்பாட்டு வாரியமே இதைத் தன் பதிவில் வெளியிடுவதுதான். இந்தியாவிலும் படம் தொடங்கும் முன் திரையில் வரும் சான்றிதழின் கீழ்மூலையில் ஒரு முக்கோணக் குறி இருந்தால் வெட்டு உண்டு என்று பொருள். பலர் அதைக் கவனிப்பதில்லை. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தபின் வரும் குறி என்பதால் அதன் பயனும் குறைவு. ஆயினும், பார்ப்பவருக்கு இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று அந்தச் சிறு குறி ஒப்புக்கொள்கிறது.

வெட்டைவிடச் சேர்ப்பு மோசமானது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு காட்சி தாவினால் கவனமான பார்வையாளருக்கு அங்கே ஏதோ போயிருக்கிறது என்று புலப்படும். திரையில் எழுத்தாக வந்த வாசகத்தை அவர் எப்படிச் சந்தேகிப்பார்? அது இயக்குநரின் முடிவு என்றே எடுத்துக்கொள்வார். ஒரு கலைஞர் எழுதாத வாக்கியத்தை அவர் பெயரில் ஆயிரக்கணக்கானோர் வாசித்துவிட்டு வீடு திரும்புவது, பார்வையாளருக்கு மட்டுமல்லாமல் அந்தக் கலைஞருக்கும் இழைக்கப்படும் அநீதி. டிரெய்லரில் காட்டிய காட்சி படத்தில் இல்லாமல் போவதும் இதே கணக்கில்தான் சேரும். ஆசை காட்டியது ஒரு பிரதியை, கையில் கொடுத்தது வேறொரு பிரதியை.

எதை மாற்றினார்கள் என்று விவரித்தால் கதை வெளியாகிவிடும் என்பது நியாயமான தயக்கம். விவரம் வேண்டாம். மாற்றத்துடன் அனுமதிக்கப்பட்ட பிரதி என்ற தகவல் போதும். மேலும் அறிய விரும்புகிறவர் தேடிக்கொள்வார். முதலில் இதை அச்சிடுகிற விநியோகஸ்தர் மட்டும் நஷ்டப்படுவார் என்ற அச்சத்திலும் பொருள் இருக்கிறது. அதனால் இது தனி ஒருவரின் நேர்மையை நம்பி விடப்பட வேண்டிய விஷயம் இல்லை. திரையரங்கு நிறுவனங்களின் செயலிகளில் ஒவ்வொரு படத்துக்கும் மொழி, வசனவரி, வகைப்பாடு, ஓடும் நேரம் எல்லாம் ஏற்கெனவே வரிசையாக இருக்கின்றன. ஹாலிவுட், மலாய், சீன, தமிழ்ப் படம் என்ற பேதமில்லாமல் எல்லாவற்றுக்கும் ஓடும் நேரத்துக்குப் பக்கத்தில் இந்த ஒரு தகவலையும் சேர்த்துவிடலாம். அதைப் பார்த்தபின் டிக்கெட் வாங்குவதா வேண்டாமா என்று குளுவாங்கிலிருப்பவர் முடிவு செய்துகொள்வார்.