ஈரம் மேலே இருக்கட்டும்

லொறி எஞ்சினின் தண்ணீர்ப் பம்பில், அடிப்பக்கம், சுண்டுவிரல் நுனிகூட நுழையாத ஒரு ஓட்டை உண்டு. வருடக்கணக்காக லொறி ஓட்டுகிறவர்களிலும் பலர் அதைக் கண்டதில்லை. பம்பின் உள்ளே ஒரு பக்கம் கூலன்ட், மறுபக்கம் பெயாரிங், நடுவில் ஒரு சீல். சீல் என்றைக்காவது தேயத்தான் செய்யும். அப்படித் தேயும்போது கசிகிற தண்ணீர் பெயாரிங்குக்குள் போகாமல் வெளியே சொட்டட்டும், சொட்டுவதை ஓட்டுகிறவன் கண்ணால் காணட்டும் என்று, பம்பைச் செய்தவனே விட்டுவைத்த ஓட்டை அது. கூலன்டுக்குப் பச்சைச் சாயம் போடுவதிலும் பாதி நோக்கம் இதுதான். வெறும் தண்ணீர் சொட்டினால் மழையோ என்று போய்விடுவோம். பச்சையாகச் சொட்டினால் குனிந்து பார்ப்போம்.

என் மிட்சுபிஷி கெண்டரில் இந்த ஓட்டையை யாரோ அரல்டைட் வைத்து அடைத்திருந்தார்கள்.

4டீ32 எஞ்சின், 3.6 லீட்டர், பழைய உழைப்பாளி. தம்பிலுவில், அக்கரைப்பற்றுப் பக்க வயல்களிலிருந்து ஆலைகளுக்கு நெல் ஏற்றுவதுதான் அதன் தொழில். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. தரையில் ஒரு சொட்டும் இல்லை. பிறகு பெல்ட் பக்கத்தில் கரகரப்பு. எஞ்சினை நிறுத்தி விசிறி இதழைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் கையோடு ஆடியது. வெளியேற வழியில்லாத கசிவு பெயாரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கழுவியிருக்கிறது. இந்த எஞ்சினில் விசிறி பம்பின் அச்சிலேதான் நிற்கிறது. பெயாரிங் முற்றாகக் கைவிட்டால் விசிறி போய் ரேடியேட்டரை அறுக்கும். அதுவும் பொத்துவில் வீதியில், லொறி நிறைய நெல்லோடு இருக்கும்போது.

வினாயகபுரத்தில் வீட்டு முற்றத்து வேம்பின் கீழேயே கழற்றினோம். ‘னோம்’ என்பது நானும், நான் காக்கா என்று கூப்பிடும் அக்கரைப்பற்று முஸ்லிம் மெக்கானிக்கும். கராஜ் வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறார். பழைய எஞ்சின் என்றால் மட்டும் புறப்பட்டு வருவார். எஞ்சின் நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கைவைக்க விடமாட்டார். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்த கணமே ஆவியாகி முகத்தில் அடிக்கும். அடிக் குழாயைத் திறந்து கூலன்டைப் பேசினில் பிடித்தோம். அது தித்திக்கும் நஞ்சு, நாய் நக்கினால் சாகும். சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளை இறைத்து இறைத்துக் குடிதண்ணீராக்கிய கரை இது. இந்த மணலில் ஊற்றுவது எதுவும் நம் வாளிக்கே திரும்பி வரும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கேஸ்கட் அவர் கையாலேயே செய்தார். கேஸ்கட் தாளைப் பம்பின் முகத்தில் பரப்பி, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்போரமாகத் தட்டிக்கொண்டே போனார். இரும்பின் விளிம்பே தாளை அறுத்தது. போல்ட் ஓட்டைகளும் அப்படியே விழுந்தன, ஒன்றும் ஒரு நூல் பிசகாமல். அந்தத் தட்டலின் நடுவில்தான் சொன்னார்:

“ஓட்டைய அடச்சவன் கெட்டவன் எண்டு நினைக்காதீங்க தம்பி. சொட்டுறத நிப்பாட்டத்தான் அடச்சிரிப்பான். ஆனா வித்தானே, அப்ப சொல்லியிருக்கணும்.”

எனக்கு விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். கேட்டபோது அவர் சொன்ன பதில், பழைய வாகனம் வாங்கிய எவரும் கேட்டிருக்கக்கூடியது: “பார்த்துத்தானே எடுத்தீங்க?” சட்டத்துக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதிய நமது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், வாங்குகிறவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்குத் தனிப் பாதுகாப்புத் தருவதில்லை. கண் இருந்ததா, பார்த்தாயா, பிறகென்ன பேச்சு.

காக்கா சொன்ன கதை வேறு. மதீனாச் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்துபோன நபிகள் உள்ளே கையை விட்டார்கள், விரல்கள் நனைந்தன. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி. நெல் ஏற்றுகிற எனக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அரசு நெல் எடுக்கும்போது அளவுகோல் 14 வீத ஈரப்பதம். மூட்டையின் நடுவில் ஈர நெல்லை வைத்து மேலே காய்ந்ததைப் பரப்பும் கெட்டித்தனமும், அதைப் பிடிக்கக் குத்தூசி போட்டு நடுநெல்லை இழுக்கும் ஆலைக்காரரின் கெட்டித்தனமும் இந்தப் பக்கத்தில் பழையவை. நான் கவனித்தது இன்னொன்றை: அந்த வியாபாரியை யாரும் ‘ஏன் நனையவிட்டாய்’ என்று கேட்கவில்லை. மழைக்கு அவர் பொறுப்பில்லை. ஈரம் எந்த இடத்தில் இருந்தது என்பதுதான் கேள்வி.

குறளை நான் விட்டுக்கொடுக்கிறவன் அல்ல. நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள், பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வாணிகம் என்கிறது. ஆனால் எங்கள் ஆட்கள் தம் சொந்த லொறியைப் பேணுகிற இலட்சணம் எனக்குத் தெரியும். கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, கம்பியால் கட்டி, சாமி படத்துக்கு மாலை போட்டு ஓட்டுகிறவன், வாங்க வருகிறவனின் லொறியையும் ‘தன்னுடையதுபோல’ பேணினால் வாங்கியவன் கதி என்ன? அந்த இடத்தில் எனக்கு மதீனாச் சந்தைதான் உதவுகிறது.

பம்பை மாற்றியதும் லொறியை விற்கும் எண்ணம் எனக்கு. பம்பைப் பற்றிச் சொல்லிவிடலாம். எனக்கே தெரியாத குறைகளுக்கு? இத்தனை வயது எஞ்சினில் எது எங்கே தேய்ந்திருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? ‘எல்லாக் குறைகளோடும் விற்கிறேன், பிறகு கேட்கக்கூடாது’ என்று எழுதி வாங்கினால் போதாதா?

காக்கா சிரித்தார். ஹனஃபி மத்ஹபில், அதாவது அந்தச் சட்டப் பிரிவில், அது செல்லும் என்றார். இங்கே முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அப்படி இலேசாக இல்லையாம். அந்த நிபந்தனை விலங்குகளில், விற்கிறவருக்குத் தெரியாத உள்நோய்க்கு மட்டுமே செல்லும். மாடு நோயிலும் தீனி தின்னும், சுகத்திலும் தின்னும். உள்ளே இருப்பதைச் சொந்தக்காரனும் அறியான். பானைக்கும் துணிக்கும் அந்தச் சலுகை இல்லை.

“அப்ப எஞ்சின் மாடா, பானையா?” என்றேன்.

“உசிரில்லாத சாமான்தானே தம்பி.”

எனக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. குடிக்கிறது, மூச்சுவிடுகிறது, காய்ச்சல் வருகிறது. தலைக் கேஸ்கட்டில் நூலளவு விரிசலோடு மாதக்கணக்கில் சுமை இழுத்துச் சுகமாக இருப்பதுபோலக் காட்டுகிறது. இமாம் ஷாஃபிஈ மாட்டுக்குச் சொன்ன காரணம் இந்த இரும்புக்கும் பொருந்தும் என்றே வாதாடினேன். காக்கா ஒப்பவில்லை. இன்றுவரை ஒப்பவில்லை.

அந்த ஷாஃபிஈ விதிக்கு ஆதாரமான வழக்கு இமாம் மாலிக்கின் முவத்தாவில் இருக்கிறது. இப்னு உமர் ஓர் அடிமையைக் குறைகளுக்குப் பொறுப்பில்லை என்று 800 திர்ஹத்துக்கு விற்றார். விற்கப்பட்டவன் மனிதன் என்பது இன்று கேட்கையில் உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும். வாங்கியவர் நோய் இருப்பதாகக் கலீஃபா உஸ்மானிடம் முறையிட்டார். ‘நோயை அறியாமல்தான் விற்றேன் என்று சத்தியம் செய்யும்’ என்பது தீர்ப்பு. இப்னு உமர் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அவன் குணமானதும் 1500க்கு விற்றார்.

ஏன் மறுத்தார்? பொய்ச் சத்தியத்துக்குப் பயந்தா? அப்படிப்பட்டவர் அல்ல அவர். அறியாமல் இருந்ததற்கும் அறிய முயலாமல் இருந்ததற்கும் நடுவே உள்ள இடைவெளியில் நின்று சத்தியம் செய்ய அவருக்கு நாக்கு எழவில்லை என்று நான் வாசிக்கிறேன். இது என் வாசிப்பு மட்டுமே.

புதுப் பம்பு பூட்டி, ரேடியேட்டரை நிரப்பி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டபோது அந்த இடைவெளியில்தான் நானும் நின்றேன். குமிழ்கள் வந்தன. முதலில் வருவது உள்ளே அடைபட்ட காற்று. கொஞ்ச நேரத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் தலைக் கேஸ்கட் வழியாகச் சிலிண்டரின் புகை தண்ணீருக்குள் வருகிறது என்று பொருள். பம்பின் விலைபோலப் பலமடங்கு செலவு. அந்த நேரத்தில் மூடியைப் பூட்டிவிட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. ‘குமிழ் வந்தது, காற்றுத்தான்’ என்று யார் தலையிலும் அடிக்கலாம், ஒரு சொல்லும் பொய் இல்லை. அரல்டைட் வைத்தவன் பம்பின் ஓட்டையை அடைத்தான். நான் என் கண்ணை அடைத்திருப்பேன். குமிழ் நிற்கும்வரை நின்றேன். நின்றது. அதனால் கேஸ்கட் நலம் என்று நான் சொல்லமாட்டேன்; நான் பார்த்தவரை நலம்.

“தேடிப் பாக்கச் சொல்லி ஒங்களுக்குக் கடமை இல்ல. தெரிஞ்சதச் சொன்னாப் போதும்,” என்றார் காக்கா. அவர் சொல்வது சட்டம். நான் கேட்பது சட்டம் அல்ல என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவருக்கு இரண்டும் ஒன்று. கடைசியில் வழி சொன்னவரும் அவர்தான்: மூன்று நாள் வரை திருப்பிக் கொடுக்கும் உரிமையோடு விற்கலாம், மத்ஹபில் இடம் இருக்கிறது. நீங்கள் தேட வேண்டாம், வாங்குகிறவர் தேட வழியை விட்டுவையுங்கள்.

கல்முனைப் பக்கத்திலிருந்து வந்தவரிடம் பம்பு, அடைத்த ஓட்டை, குமிழ், இடது பின் ஸ்பிரிங்கில் ஒரு தகடு வெடித்திருப்பது எல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

“இவ்வளவு சொல்றீங்களே அண்ணன், சொல்லாதது எவ்வளவு இரிக்கும்?”

பதில் சொல்லத் தெரியாமல் சாவியைக் கொடுத்தேன். உங்கட மெக்கானிக்கிடம் காட்டுங்கள், நெல் ஏற்றிப் பாருங்கள், சரியில்லாவிட்டால் மூன்று நாளுக்குள் கொண்டுவந்து விடுங்கள் என்றேன். விலையில் ஸ்பிரிங்குக்கு என்று ஒரு தொகையைக் குறைத்துக்கொண்டு ஓட்டிப் போனார். நாளை அஸர் தொழுகைக்குள் லொறி திரும்பி வராவிட்டால் காசு என்னுடையது.