வேல் எதன் மேல் பாய்ந்தது?

ஓம் சரவணபவ. 

2023-ல் சூரசம்ஹாரம் நவம்பர் 18, சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு திருக்கல்யாணம். அதே ஞாயிற்றுக்கிழமைதான் அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நம்மில் பல பேர் ஆறு நாள் விரதம் இருந்து, செந்தூர்க் கடற்கரை மணல் காலில் ஒட்டியிருக்க வீட்டுக்கு வந்து டிவி முன்னால உட்கார்ந்தோம். வரிசையா பத்து ஆட்டம் ஜெயிச்ச அணி, பதினோராவது ஆட்டத்தில் தோத்துப் போச்சு.

அன்னிக்கு ராத்திரியே தீர்ப்பு எழுதியாச்சு. குற்றவாளி கே.எல்.ராகுல். 107 பந்தில் 66 ரன், ஒரே ஒரு பவுண்டரி. "கட்டையைப் போட்டே கோப்பையைக் கெடுத்துட்டாம்ல" என்பதுதான் நான் பார்த்ததிலேயே மரியாதையான மெசேஜ். மத்ததை இங்கே எழுத முடியாது. முந்தின நாள் சாயங்காலம் "அரோகரா" சொன்ன வாய்தான் அதையும் சொல்லுச்சு.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ராகுல் உள்ளே வரும்போது 81 ரன்னுக்கு 3 விக்கெட். ரோகித் 31 பந்தில் 47 அடிச்சுட்டுப் போயாச்சு. பிட்ச் மெதுவா இருந்தது, பந்து பேட்டுக்கு வரல. முதல் பத்து ஓவருக்கு அப்புறம் மீதி நாற்பது ஓவரில் இந்திய அணி மொத்தமும் சேர்ந்து அடிச்சது நாலே நாலு பவுண்டரி. கோலி 54-ல போன பிறகு நிலைச்சு நிற்க ஆளில்லை. 240-ல எல்லாரும் அவுட். ராத்திரி பனி இறங்கினதும் பேட்டிங் சுலபமாச்சு, டிராவிஸ் ஹெட் 137 அடிச்சார், 43 ஓவரில் ஆட்டம் முடிஞ்சது.

இதில் யாரும் பேசாத ஒரு கணக்கு இருக்கு. அதே நாள், அதே மைதானம், ஆஸ்திரேலியாவின் லபுஷேன் 110 பந்தில் 58 நாட் அவுட். ராகுலை விட மெதுவு! அவரை "நங்கூரம் போட்டு நின்னார்"னு புகழ்ந்தாங்க. நம்மாள் செஞ்சா கட்டை, அவங்க ஆள் செஞ்சா நங்கூரம். எதிர்முனையில் ஹெட் அடிச்சுக்கிட்டிருந்தார், அதனால லபுஷேன் நிற்க முடிஞ்சது என்பீங்க. சரிதான். நானும் அதைத்தான் சொல்றேன். ராகுலுக்கு எதிர்முனையில் அப்படி ஒருத்தர் இல்லை.

சரி, இப்போ கந்தபுராணத்துக்கு வருவோம். கச்சியப்ப சிவாச்சாரியார் பாடியது. சூரசம்ஹாரக் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும், அதுக்கு முன்னால நடந்த தாரகன் போரை அவ்வளவா யாரும் சொல்றதில்லை.

தாரகன் சூரபத்மனுடைய தம்பி, யானை முகத்தோன். அவனுக்குத் துணை கிரவுஞ்ச மலை. அது வெறும் மலை இல்லை, மாயம் செய்யும் அசுரன். முருகப்பெருமான் அனுப்பிய படைக்குத் தலைவர் வீரபாகு தேவர். போர் நடந்தது. தாரகன் மலைக்குள் போய் மறைய, வீரபாகுவும் அவர் தம்பிமாரும் பூதப்படையும் விரட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். மாயை கவிழ்ந்தது. அத்தனை பேரும் உணர்விழந்து விழுந்தார்கள். யோசிச்சுப் பாருங்க, தளபதி உட்பட மொத்தப் படையும் எதிரியின் மலைக்குள்ள மயங்கிக் கிடக்கு. இன்னிக்கு இது நடந்திருந்தா, வீரபாகு பேர்ல எத்தனை மீம்ஸ் வந்திருக்கும்? "யாரைக் கேட்டு உள்ள போனான்?" "இவனை எவன் கேப்டன் ஆக்கினது?"

செய்தி கேட்டுப் பெருமான் நேரே களத்துக்கு வந்தார். வேலை எடுத்தார், விட்டார். அந்த வேல் எதன் மேல் பாய்ந்தது? தாரகன் மார்பைப் பிளந்தது, மலையைப் பிளந்தது. உள்ளே கிடந்தவர்கள் உறக்கம் கலைஞ்ச மாதிரி எழுந்து வெளியே வந்தார்கள். முருகனுக்கு 'மலை பிளந்த வேலன்' என்ற பெருமை வந்ததே இப்படித்தான். விழுந்தவன் மேல அந்த வேல் திரும்பவே இல்லை.

அடுத்தது இன்னும் அருமை. நம்ம செந்தூரில் பாசறை போட்டிருக்கிறபோது சூரனிடம் தூது அனுப்ப ஒரு ஆள் வேணும். தனியாகக் கடல் தாண்டி மகேந்திரபுரிக்குப் போகணும். சூரன் சபையில் நிமிர்ந்து நின்று பேசணும். பெருமான் அனுப்பியது யாரை? மலைக்குள் விழுந்த அதே வீரபாகுவை! அவர் போனார், சிறையில் இருந்த தேவர்களுக்கு ஆறுதல் சொன்னார், சூரனுக்கு நல்லது எடுத்துச் சொன்னார். சூரன் கேட்கல. தூது பலிக்கலைதான். அதுக்கும் பெருமான் அவரைக் குறை சொல்லல. போர் தொடங்கினப்போ வீரபாகு மறுபடியும் படைக்கு முன்னால நின்னார். திருச்செந்தூருக்கு வீரபாகு பட்டினம் என்றே ஒரு பெயர் உண்டு, தெரியும்தானே?

நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துட்டா, மறுநாள் 'ரூட் காஸ்' என்று ஒரு அறிக்கை எழுதணும். நல்ல டீமில் ஒரு விதி இருக்கும், அந்த அறிக்கையில் ஆள் பேர் வரக்கூடாது. இது பாவம் பார்த்து வச்ச விதி இல்லை. ஆள் பேரை எழுதினதும் எல்லாருக்கும் நிம்மதியாயிடும், அதோட யாரும் காரணத்தைத் தேட மாட்டாங்க. அடுத்த மாசம் அதே சர்வர் அதே இடத்தில் விழும். மலை அப்படியே நிற்கும். அதனால "107 பந்து ஏன் ஆடினார்" என்று கேட்பது தப்பு என்று நான் சொல்லல, தாராளமா கேட்கலாம். அந்தக் கேள்வியை அவர் வீட்டு ஆட்களைத் திட்டித்தான் கேட்கணுமா?

அதே ராகுல், அதே உலகக் கோப்பையில் நம்ம முதல் ஆட்டத்தில், அக்டோபர் 8 சேப்பாக்கத்தில், 2 ரன்னுக்கு 3 விக்கெட் போய் நாம தலையில் கை வச்சப்போ, 97 நாட் அவுட். எதிரணி இதே ஆஸ்திரேலியா. ஆறே வாரத்தில் அது மறந்து போச்சு. 2025 மார்ச் 4, துபாய், சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதி. எதிரே மறுபடியும் ஆஸ்திரேலியா. கடைசியில் யாரை நம்பி நின்னாங்க? ராகுல் 42 நாட் அவுட், சிக்ஸர் அடிச்சு முடிச்சார். இறுதி ஆட்டத்திலும் கடைசி வரை அவுட் ஆகாம நின்னு கோப்பையோட வந்தார். நமக்குக் கிரவுஞ்சம் மட்டும்தான் ஞாபகம் இருக்கு, தூது ஞாபகமில்லை.

அந்த ரெண்டாவது வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்கிறதில்லை. 1950 கால்பந்து உலகக் கோப்பையில் உருகுவேயிடம் 2-1 என்று சொந்த மண்ணில் பிரேசில் தோத்தது. கோல்கீப்பர் பார்போசா மேல மொத்தப் பழியும் விழுந்தது. 2000-ல் இறக்கிற வரை, ஐம்பது வருஷம், அந்த ஒரு கோல் அவரை விடல. அவர் நாட்டில் கொலைக் குற்றவாளிக்குக்கூட அவ்வளவு நீளமான தண்டனை கிடையாது.

நம்ம கடற்கரைக்காரங்களுக்கு இது புதுசா சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. 1961-ல் கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது வரைக்கும் இங்கே எத்தனை தலைமுறை கடலுக்குள்ள இறங்கியிருக்கு! மூச்சைப் பிடிச்சு அடிமட்டத்துக்குப் போய்ச் சிப்பியை அள்ளிட்டு வருவாங்க. சிப்பிக்குள்ள முத்து இருக்கா இல்லையான்னு அள்ளினவனுக்குத் தெரியாது. பெரும்பாலும் இருக்காது. மேலே தோணியில் கயிறு பிடிக்கிறவர் மச்சானாத்தான் இருக்கணும், தங்கச்சி தாலி அவர் கையில் என்று பெரியவங்க சொல்வாங்க. வெறுஞ்சிப்பியோட வந்தவனைப் பார்த்து "நீதான்ல கெடுத்தே" என்று கயிறு பிடிச்சவர் சொன்னால், அடுத்த முறை இறங்க ஆள் ஏது?

இவ்வளவும் எழுதினதுக்குக் காரணம் ராகுல் இல்லை. அவர் நல்லாத்தான் இருக்கார்.

போன மாசம் உப்பளத்து மைதானத்தில் நடந்த டென்னிஸ் பால் டோர்னமென்ட் ஃபைனல். நம்ம பாதயாத்திரைக் குழுவில் பாதிப் பேர் அந்த டீம்தான், பெயர் சொல்ல வேண்டாம். கடைசி ஓவரில் ஒரு தம்பி கேட்சை விட்டான், தோத்தோம். அவன் முகத்தை வச்சு 'ஓட்டைக் கை' என்று வாட்ஸ்அப் ஸ்டிக்கர் போட்டாச்சு. காலையில் குட்மார்னிங் சொல்றதுக்கும் அந்த ஸ்டிக்கர், பிறந்தநாள் வாழ்த்துக்கும் அதே ஸ்டிக்கர். அவன் குரூப்பை விட்டுப் போயிட்டான். கார்த்திகை சஷ்டிக்குக் கோயில் பக்கமும் வரல. அவங்க அம்மா எங்கம்மாகிட்ட, "வேலைக்குப் போறான், வாரான், ஒரு வார்த்தை பேச மாட்டேங்கான்" என்று சொல்லியிருக்காங்க.

அன்னிக்கு ஸ்கோர் எழுதினது நான். நோட்டு என்கிட்ட இருக்கு. நாம போட்ட வைடு மட்டும் பதினொன்று. ரெண்டு ரன் அவுட், ரெண்டும் சீனியர் அண்ணன்மார். அந்தத் தம்பி கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட் முடிச்சு, தூங்காம வந்தவன். சாயங்கால வெயில் நேரே கண்ணில் அடிக்கிற பக்கம் அவனை நிறுத்தினது யாருன்னு கேப்டன் அண்ணனுக்கே தெரியும்.

தைப்பூசத்துக்கு மாலை போடுறவங்க லிஸ்ட் இந்த வாரம் எடுக்கிறோம். வழக்கம்போல முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி வழிதான். போன ரெண்டு வருஷமும் வேலைத் தூக்கிக்கிட்டு முன்னால நடந்தவன் அந்தத் தம்பிதான். இந்த வருஷமும் வேல் அவன் கையில்தான் என்று குருசாமி சொல்லிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வீட்டுக்குப் போறோம். கேப்டன் அண்ணன் வர்றேன்னு சொல்லியிருக்கார். வேற யார் வர்றீங்க? ஏழு மணிக்கு சிவன் கோயில் வாசலில் நிற்கிறேன். அந்த ஸ்டிக்கரை அதுக்குள்ள போனிலிருந்து அழிச்சிட்டு வாங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!