கை படாத கக்கூஸ்

கக்கூஸுக்கு மூளை வந்துவிட்டது. கிட்டே போனால் விளக்கு எரிகிறது. கையை நீட்டினால் குழாயில் தண்ணீர் வருகிறது. எழுந்து நின்றால் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்கிறது. சென்னைத் தெருக்களில் காசு போட்டால் கதவு திறக்கும் மின்னணுக் கழிப்பறைகள் பத்தாண்டுகளுக்கு முன்பே வந்தன. பழுதாகிப் பல பூட்டியே கிடந்தன. இருந்தாலும் கனவு மாறவில்லை. எதையும் தொடாமல் உள்ளே போய், எதையும் தொடாமல் வெளியே வரவேண்டும். இதுதான் நவீனப் பொதுக் கழிப்பறையின் லட்சியம்.

தொடாமை. இந்தச் சொல் நமக்குப் பழக்கமானது. நோய்க்கிருமி பரவக்கூடாது என்பதில் தகராறு இல்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: யாருடைய கை படாமல்?

1775இல் லண்டனில் கடிகாரம் செய்யும் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் ஒரு காப்புரிமை வாங்கினார். பீங்கானுக்குக் கீழே குழாயை வளைத்தார். வளைவில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். போனது போய்விடும், கீழேயிருந்து நாற்றம் மேலே வராது. எத்தனை சென்சார் வைத்தாலும் இன்றைக்கும் அடியில் இருப்பது அந்த மாதிரி ஒரு வளைவுதான். நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் அந்த நாலு விரல் தண்ணீர் வாயுவை அழிக்கவில்லை. அந்தப் பக்கமே நிறுத்தி வைக்கிறது. மூடிய மலக்குழியில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்கிறது. கொஞ்சம் என்றால் அழுகின முட்டை வாடை. அதிகமானால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. இறங்கியவர் சுருண்டு விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். மேலே உட்காருபவரின் மூக்கைப் பற்றி 1775லேயே யோசித்தாயிற்று. கீழே இறங்குபவரின் மூச்சைப் பற்றி?

சுத்தம் என்றால் என்ன? அழுக்கை இல்லாமல் ஆக்குவதா, நம் கண்ணுக்கும் மூக்குக்கும் அப்பால் தள்ளிவிடுவதா? ஊர் சுத்தமாக இருக்கவேண்டும் என்று சேரியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்த புத்திக்கு இரண்டாவதுதான் சுத்தம். அந்தப் புத்தியின் கையில் கிடைக்கும் கருவி எதுவானாலும், அதே கோட்டை இன்னும் நேர்த்தியாகப் போட்டுக்கொடுக்கும்.

விஞ்ஞானம் வந்தால் சாதி போய்விடும் என்று தோழர்கள் சிலர் சொல்வதுண்டு. வரலாறு அப்படி நடக்கவில்லை. எடுப்புக் கக்கூஸை 1993 சட்டம் தடைசெய்தது. வாளி போய் பிளஷ் வந்தது. வாளி தூக்கிய அதே சாதிகளைப் பாதாளச் சாக்கடையில் பார்த்தோம், இடுப்பில் கயிற்றோடு. ரயில்களில் பயோ டாய்லெட் வந்தது; மலம் தண்டவாளத்தில் விழுவது நின்றது. பெரிய மாற்றம்தான், மறுக்கவேண்டாம். ஆனால் பயணி பாட்டிலையும் துணியையும் போட்டு அடைத்துவிட்டால் பாக்டீரியா வந்து எடுக்காது. ஒரு ஆள்தான் வரணும்.

2013 சட்டத்தில் ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது. அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் மலம் அகற்றுபவர் 'கையால் மலம் அள்ளுபவர்' என்று கருதப்படமாட்டார். கையுறை மாட்டிய கை, சட்டத்தின் கண்ணில் கையே இல்லை! 2020இல் மத்திய அரசு 'மேன்ஹோல்' என்ற சொல்லை 'மெஷின்ஹோல்' ஆக்குவதாக அறிவித்தது. மனுசன் இறங்குவதற்கென்றே அளவெடுத்த ஓட்டை என்பதைப் பழைய பெயராவது ஒப்புக்கொண்டது. பெயர் மாறிய பிறகும் "எறங்குப்பா, அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று சொல்லும் வாய்கள் மாறவில்லை. குழிச் சாவுக்கு 2014இல் 10 லட்சம் என்ற உச்சநீதிமன்றம், 2023இல் 30 லட்சம் என்றது. சாவின் விலை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை.

பீ நாறும், அதனால் அள்ளுபவனை ஒதுக்கினார்கள் என்று சமாதானம் சொல்பவர்கள் ஜப்பானைப் பார்க்கட்டும். டோக்கியோவுக்கு எதோ என்று பெயர் இருந்த காலத்தில், நகரத்து மலத்தை விவசாயிகள் விலைகொடுத்து வாங்கி வயலுக்குக் கொண்டுபோனார்கள். பிறப்பால் ஒதுக்கப்பட்ட புராக்கு மக்கள் அங்கும் உண்டு. ஆனால் அவர்கள் மேல் ஏற்றிய தீட்டு தோல் வேலையையும் மிருகம் அறுப்பதையும் சார்ந்தது. எது தீட்டு என்று நாற்றம் முடிவுசெய்யவில்லை, அதிகாரம் முடிவுசெய்தது. அதே டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் 2020 முதல் 2023க்குள் 17 பொதுக் கழிப்பறைகளைப் பேர்பெற்ற வடிவமைப்பாளர்களை வைத்துக் கட்டினார்கள். ஷிகேரு பான் கட்டியதில் சுவரெல்லாம் கண்ணாடி, தாழிட்டால் மங்கிவிடும். அதைவிட நமக்கு முக்கியமானது, கழுவுபவர்களின் சீருடையையும் ஒரு ஆடை வடிவமைப்பாளரே உருவாக்கினார் என்பது. கழுவுபவர் வரைபடத்துக்குள் வந்துவிட்டார்.

நாம் எந்திரத்துக்கு எதிரிகள் அல்ல. யாரையும் விட முதலில் நமக்குத்தான் அது வேண்டும். 2015இல் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழியில் இரண்டு தொழிலாளர்களும், காப்பாற்ற இறங்கிய ஓர் ஆட்டோ ஓட்டுநரும் செத்தார்கள். கேரளத்து இளம் பொறியாளர்கள் செய்த 'பேண்டிகூட்' ரோபோ 2018இல் திருவனந்தபுரத்தில் வேலையைத் தொடங்கியது. ஆக, முடியாத காரியம் அல்ல. தில்லியில் 2019இல் 200 சாக்கடை எந்திரங்கள் இறக்கப்பட்டன; இந்தத் தொழிலில் இருந்தவர்களையும் அதில் இறந்தவர்களின் குடும்பங்களையும் உரிமையாளர் ஆக்குவது திட்டம். கூலிக்கு இறங்கியவர் எந்திரத்துக்குச் சொந்தக்காரர் ஆவது முன்னேற்றம்தான். ஆனால் "சாக்கடை எந்திரமா, அது அவங்க வேலை" என்று ஆகிவிட்டால்? வாளியைச் சாதியோடு கட்டியவர்களுக்கு எந்திரத்தைக் கட்டுவது எவ்வளவு நேரம்? சொத்து நமக்கு வேண்டும். ஓட்டும் வேலைக்கு எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் வரவேண்டும். இரண்டையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

கழிப்பறையைக் கதவிலிருந்து வரையாதீர்கள், குழியிலிருந்து வரையுங்கள். அடைத்துக்கொண்டால் யார் திறப்பது, எதைக்கொண்டு திறப்பது? ஆள் இறங்காமல் முடியுமா? கழுவுபவருக்குச் சோப்பும், உட்கார இடமும், மாதச் சம்பளமும் உண்டா? இதற்குப் பதில் இல்லாத வரைபடத்துக்கு அனுமதி தராதே என்று நகராட்சி வாசலில் நாம் கேட்கவேண்டும். பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் வகுப்பறையில் கேட்கவேண்டும். சென்சார் அப்புறம் வரட்டும்.