சாவி யார் கையில்?

ஈ-புக் ரீடர் வாங்கப் போகிறீர்களா? வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்றால் கூடவே ஒரு பயம் வரும். 'நம்ம சிஸ்டத்தோட ஒத்துப் போகுமா?' போகும். பல ரீடர்களைக் கேபிளில் செருகினால் லினக்ஸ் அதை இன்னொரு பென் டிரைவ் என்று நினைத்துத் திறந்துவிடும். புத்தகத்தை இழுத்துப் போட வேண்டியதுதான்.

முரண்டு பிடித்தால் 'காலிபர்' இருக்கிறது. அதன் கதை சுவாரசியமானது. 2006-இல் சோனி ஒரு ரீடரை வெளியிட்டது. கூட வந்த மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அமெரிக்காவில் இயற்பியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கோவித் கோயல் என்ற இந்திய மாணவர் லினக்ஸ்காரர். காசு கொடுத்து வாங்கிய கருவி தன் கம்ப்யூட்டரோடு பேச மறுக்க, தானே புரோகிராம் எழுதிப் பேச வைத்தார். அதுதான் வளர்ந்து காலிபர் ஆனது. புத்தகங்களை அடுக்கும், ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும், ரீடரில் ஏற்றும். இலவசம்.

ஆக, கருவிப் பிரச்னை தீர்ந்தது. நியாயப் பிரச்னைதான் பாக்கி.

கடையில் வாங்கிய ஈ-புத்தகங்கள் பலவற்றில் டி.ஆர்.எம். என்ற பூட்டு இருக்கும். பூட்டிய புத்தகத்தைக் காலிபர் மாற்றித் தராது. அடோபி பூட்டுக்கான அதிகாரபூர்வ மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பே இல்லை. வேடிக்கை என்னவென்றால், திருட்டுப் பிரதி எல்லா இடத்திலும் திறக்கும். காசு கொடுத்தவனுக்குத்தான் பூட்டு!

நான் பி.காம். படித்தவன். 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இன்னும் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. விலை கொடுத்தால் பொருளின் உடைமை கைமாறும். வாங்கியவர் அதை இடைஞ்சல் இல்லாமல் அனுபவிக்கலாம். ஈ-புத்தகத்தில் பெரும்பாலும் இது நடப்பதில்லை. நமக்குக் கிடைப்பது படிப்பதற்கான உரிமம் மட்டுமே. 2009 ஜூலையில் அமேசான், வாசகர்களின் கிண்டில்களிலிருந்து சில புத்தகங்களைத் தொலைவில் இருந்தபடியே அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லையாம். பணம் திரும்ப வந்துவிட்டது. ஆனால் ஒரு மாணவர் பாடத்துக்காக எழுதி வைத்திருந்த குறிப்புகள் பாழாயின. அழிக்கப்பட்ட புத்தகங்களில் ஒன்று எது தெரியுமா? ஆர்வெல்லின் '1984'! (இதை நான் கதையில் எழுதியிருந்தால் எடிட்டர் வெட்டியிருப்பார்.) அமேசான் தலைவர் மன்னிப்புக் கேட்டார். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் புத்தகக் கடையை மூடியபோதும் இதே கதை. பணம் வந்தது, புத்தகம் போனது. 2025 பிப்ரவரியில், வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி, கேபிள் வழியாக ஏற்றும் வசதியை அமேசான் எடுத்துவிட்டது.

அப்படியானால் பூட்டை உடைக்கலாமா?

'ஒப்புக்கொள்கிறேன்' என்று அமுக்கியது நீங்கள்தானே, வாக்கு வாக்குதான் என்பார்கள் சிலர். அந்த ஒப்பந்தத்தை முழுசாகப் படித்தவர் யார் சார்? ஆனாலும் இந்த வாதத்தை நான் முழுக்கத் தள்ளிவிடமாட்டேன். எழுத்தாளனும் சாப்பிட வேண்டும். 2012-இல் திருத்திய நம் பதிப்புரிமைச் சட்டம், உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை என்கிறது. 'நோக்கம்' என்ற அந்த வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. விலை கொடுத்த புத்தகத்தை நம் கம்ப்யூட்டரில் நாமே படிப்பதற்காக உடைப்பது, என் கணக்கில், திருட்டு இல்லை. அதையே வாட்ஸ்அப் குரூப்பில் தூக்கிப் போட்டால் திருட்டுதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது இரவல். காகிதப் புத்தகத்தை இரவல் கொடுத்தால், திரும்பி வரும் வரை நம் அலமாரியில் ஒரு ஓட்டை இருக்கும். ஃபைலை அனுப்பினால் ஓட்டையே இல்லை, இருவரிடமும் இருக்கிறது. நாளைக்கு அது இருபது பேரிடம் இருக்கும். தலைமுறை தலைமுறையாக நல்ல குணம் என்று பேர் வாங்கிய ஒரு காரியம், கொடுத்தவருக்கு எந்த இழப்பும் இல்லாமல் போனதாலேயே தப்பாகிவிட்டது.

பூட்டு இல்லாமல் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். முடிந்தால் அங்கே வாங்குங்கள். மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இலவசமாகவே தருகிறது. மற்றபடி மச்சான் வந்து, "அந்த ஃபைலை அனுப்புங்களேன் மாப்ளே" என்று கேட்டால் ரீடரையே கையில் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள். திரும்பி வருமா என்பது வேறு விஷயம்.