அம்பு தைத்த இடமும் ஜகாத்துக் கணக்கும்



2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 4-ந் தேதி பாரிஸ் நகரத்து ஒலிம்பிக் பந்தயத்தில், இன்வாலிட் மாளிகை மைதானத்தில் இரண்டு வில்லாளர்கள் கடைசிப் போட்டிக்கு நின்றார்கள். ஒருவர் தென் கொரியாவின் கிம் வூஜின். மற்றவர் அமெரிக்காவின் பிரேடி எல்லிசன். ஒரு சுற்றுக்கு ஆளுக்கு மூன்று அம்பு. சுற்றை வென்றவருக்கு இரண்டு புள்ளி, சமமானால் ஆளுக்கு ஒன்று. முதலில் ஆறு புள்ளி எடுப்பவருக்கே வெற்றி. ஐந்தாவது சுற்றில் இருவரும் மூன்று அம்புகளையும் பத்திலேயே வைத்தார்கள். ஐந்துக்கு ஐந்து என்று நின்றது. இனி ஆளுக்கு ஒரே அம்பு, நடுப்புள்ளிக்கு எவருடையது கிட்டவோ அவருக்குத் தங்கம் என்றார்கள். இருவரும் விட்டார்கள். மறுபடியும் இருவருக்கும் பத்து!

பிறகு அளந்தார்கள். கொரியரின் அம்பு நடுவிலிருந்து 55.8 மில்லிமீட்டர். அமெரிக்கரின் அம்பு 60.7 மில்லிமீட்டர். வித்தியாசம் 4.9 மில்லிமீட்டர். நம்மில் பலசரக்கு வியாபாரம் செய்கிறவர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஒரு மிளகின் பருமன். எழுபது மீட்டர் தூரத்திலிருந்து எய்த அம்புகளுக்கு இடையே ஒரு மிளகு! அந்த மிளகை அளந்தார்கள், எழுதினார்கள். தோற்றவர் முகம் கோணாமல் ஏற்றுக் கொண்டார்.

இது விளையாட்டுச் செய்தி, சங்கப் பத்திரிகைக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டி விட வேண்டாம். வில்வித்தை நம் மார்க்கத்துக்கு அந்நியமான காரியமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரின் மீது நின்று, திருமறை சொல்லும் பலம் என்பது அம்பெய்வதே என்று மூன்று முறை வலியுறுத்தியதாக உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அம்பெய்யக் கற்று, பிறகு அதைக் கைவிட்டவரை அவர்கள் கண்டித்ததும் ஹதீதில் உண்டு. இஸ்லாத்தின் பாதையில் முதல் அம்பை எய்தவர் ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

துருக்கியர்கள் இக்கலையை வெகு காலம் பேணினார்கள். இஸ்தான்புல் நகரில் ஒக்மெய்தானி என்ற அம்பு மைதானம் இருக்கிறது. எவருடைய அம்பு எவ்வளவு தூரம் போனது என்பதற்குச் சாட்சியாக அங்கே கல் நாட்டி வைத்தார்கள். அந்நாட்டைச் சேர்ந்த மெதே காஸோஸ் என்ற வாலிபர் 2021-ல் தோக்கியோவில் தனிநபர் தங்கம் எடுத்தபோது நம்மவர்கள் பலர் சந்தோஷப்பட்டார்கள். 2024-ல் பாரிஸில் துருக்கிய ஆண்கள் அணிக்கு வெண்கலம் கிடைத்தது. (இடையில் ஒரு வார்த்தை. அம்பு, குதிரை, ஒட்டகம் ஆகிய பந்தயங்களில் போட்டியிடுகிறவர்களுக்குப் பரிசு வைப்பதை மார்க்கம் அனுமதிக்கிறது. வேடிக்கை பார்க்கிறவர்கள் காசு கட்டுவது சூதாட்டம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் வாலிபர்களைக் கண்டதால் சொல்லி வைக்கிறோம்.)

அந்த வருஷத்து உலகக் கோப்பைப் பருவம் ஏப்ரலில் ஷாங்காயில் தொடங்கி, மே மாதம் கொரியாவின் யெச்சோனுக்கும், ஜூனில் துருக்கியின் அந்தாலியாவுக்கும் போய், பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் பிறகு அக்டோபரில் மெக்ஸிக்கோவின் த்லஸ்கலாவில் முடிந்தது. அந்த முடிவுப் போட்டியில் இந்தியாவின் தீபிகா குமாரி வெள்ளி எடுத்தார். உலகக் கோப்பை முடிவுப் போட்டிகளில் அது அவருக்கு ஐந்தாவது வெள்ளி. பாரிஸிலோ ஐந்து தங்கங்களையும் கொரியர்களே கொண்டு போனார்கள். அவர்களுடைய லிம் சிஹ்யோன் என்ற பெண் தரவரிசைச் சுற்றில் 72 அம்புகளுக்கு 694 எடுத்தார். முழு மதிப்பு 720. அது உலக சாதனை.

யார் ஜெயித்தார்கள் என்பதைவிட அவர்கள் கணக்கு எழுதும் முறைதான் நம் மனத்தைப் பிடித்தது. தரவரிசைச் சுற்றில் அம்புகளை விட்டு முடித்ததும் வில்லாளர்களே இலக்குப் பலகைக்கு நடந்து போகிறார்கள். ஒரு பலகைக்குப் பலர் எய்திருப்பார்கள். ஒவ்வொருவரும் தம் அம்பின் மதிப்பைத் தாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெரிய மதிப்பிலிருந்து சிறியது வரை வரிசையாகச் சொல்ல வேண்டும். கூட நிற்கிறவர்கள் சரிபார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் நடுவரைக் கூப்பிடுகிறார்கள். மதிப்பு எழுதி முடியும் வரை எவரும் அம்பையோ பலகையையோ தொடக் கூடாது. தராசு நிற்கும் முன் தட்டில் கை வைக்காதே என்று நம் பெரியவர்கள் கடைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதானே! அம்பு ஒரு வளையக் கோட்டைத் தொட்டிருந்தால் உயர்ந்த மதிப்பு என்பதும் விதி. அது போட்டிக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்த விதி. ஆளுக்கு ஆள் மாறுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. மதிப்பு எழுதியபின் ஒவ்வொரு துளையின் மேலும் ஒரு குறி போடுகிறார்கள். பின்னால் ஓர் அம்பு பலகையில் பட்டுத் தெறித்துக் கீழே விழுந்தால், குறியில்லாத துளை எதுவோ அதுவே அதன் இடம் என்று தெரிந்து விடும். பழைய கணக்குப் புதுக் கணக்கில் கலக்காதிருக்க இந்த ஏற்பாடு. நம் பேரேடுகளில் தீர்ந்த பற்றுக்குக் கோடு இழுப்பது போல.

பாரிஸில் கிம் வூஜினை முதலில் எதிர்த்து நின்றவர் ஆப்பிரிக்காவின் சாடு தேசத்திலிருந்து வந்த இஸ்ராயேல் மதாயே என்பவர். அவர் விட்ட ஓர் அம்பு ஓரத்து வளையத்தில் தைத்தது. மதிப்பு ஒன்று. உலகமே பார்த்துக் கொண்டிருக்க, ஒன்று என்றே எழுதப்பட்டது. தூரத்திலிருந்து வந்தவர், ஏழை நாட்டுக்காரர் என்று இரக்கப்பட்டு எவரும் இரண்டாக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. தோற்றுப் போன அந்த மனிதரை ஜனங்கள் மெச்சினார்கள்.

இனி நம் கதைக்கு வருவோம். பாரிஸ் படத்தைக் கைப்பேசியில் எமக்குக் காட்டியவன் எம் மகன். நாமும் மிளகளவு வித்தியாசத்தைப் பார்த்து வியந்தோம். அடுத்த ரமலான் வந்தது. வழக்கம்போல் ஜகாத்துக் கணக்குப் போட உட்கார்ந்தோம். வழக்கம் என்னவென்றால், கடையை ஒரு சுற்றுப் பார்ப்பது, மனத்துக்குள் ஒரு தொகை நினைப்பது, போன வருஷம் கொடுத்ததோடு கொஞ்சம் சேர்ப்பது, அல்ஹம்துலில்லாஹ் என்று ஏட்டை மூடுவது. வாப்பா காலத்திலிருந்து அப்படித்தான். குறைவாகக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு நாளும் இருந்ததில்லை. எண்ண வேண்டும் என்ற எண்ணமும் இருந்ததில்லை.

மகன் கேட்டான்: "வாப்பா, மாடியில் இருக்கிற கைலிக் கட்டுகளை எண்ண வேண்டாமா?"

"அது ஓடாத சரக்கு, விடு," என்றோம்.

"ஓடாத சரக்கென்றால் யாராவது கேட்டால் இனாமாகக் கொடுத்து விடுவோமா?"

பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு இரவு தராவீஹ் தொழுகைக்குப் பின் எண்ணினோம். ஆலிமிடம் போய்க் கேட்டோம். வியாபாரச் சரக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஜகாத்துக் கடமையாகும் நாளில் சந்தையில் என்ன விலை போகுமோ அந்த விலைக்குக் கணக்கில் சேரும் என்றார். கடையின் அலமாரி, மேஜை, வண்டி இவை சேரா. திரும்பி வரும் என்ற நம்பிக்கையுள்ள கடன் பாக்கி எப்படிச் சேரும் என்பதையும் விளக்கினார். எல்லாம் கூட்டி நாற்பதில் ஒரு பங்கு பார்த்தபோது, நாம் மனத்துக்குள் நினைத்த தொகை மிகவும் குறைவு என்று தெரிந்தது. அது அந்த ஒரு வருஷத்தின் குறை. முந்திய வருஷங்கள்? கொடுபடாத ஜகாத்து வருஷம் போனதால் அழிவதில்லை, கடனாகவே கழுத்தில் நிற்கும் என்று ஆலிம் சொன்னபோது கால் தளர்ந்து போயிற்று. பழைய ஏடுகளை எடுத்து வைத்துக் கொண்டு, சிறுகச் சிறுக அந்தக் கடனைத் தீர்த்து வருகிறோம்.

வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம். வாடிக்கைக்காரர் பத்துக் காசு குறைத்துக் கொடுத்தால் நமக்கு உடனே தெரிகிறது. கொள்முதல் மூட்டையில் அரைக் கிலோ குறைந்தால் தொலைபேசியில் சத்தம் போடுகிறோம். நமக்கு வர வேண்டியதில் மிளகளவும் விடுவதில்லை, ஏழைக்குப் போக வேண்டியதை மட்டும் குத்துமதிப்பாக ஒதுக்குகிறோம். வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களுக்கென்றே திருமறையில் ஒரு ஸூரா இருக்கிறது. அதைக் கடைத் தராசுக்கு மட்டும் சொன்னதாக நினைத்து வந்தோம். நம் தராசு சரியாக இருக்கிறது என்று தைரியமாகவும் இருந்தோம்!

எமக்கு நாமே ஒரு சமாதானமும் சொல்லிக் கொண்டதுண்டு. எத்தனையோ வருஷம் தர்மம் செய்த கை, பள்ளிவாசலுக்குக் கொடுத்த கை, ஒரு வருஷம் முன்பின் ஆனால் என்ன என்று. இதற்கும் கொரிய வில்லாளர்களிடம் ஒரு பதில் இருக்கிறது. ஆன் சான் என்ற பெண் தோக்கியோவில் மூன்று தங்கம் எடுத்தவர். அந்நாட்டில், முன்பு எவ்வளவு பெரிய வெற்றி பெற்றிருந்தாலும், தேர்வுப் போட்டியில் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும். அவர் நின்றார், 2024-ன் அணியில் இடம் கிடைக்கவில்லை. அவருக்குப் பதில் வந்த மூன்று பெண்களும் ஒலிம்பிக்கை முன்பு கண்டறியாதவர்கள். கொரியப் பெண்கள் அணிக்கு 1988 முதல் தொடர்ந்து பத்தாவது தங்கத்தை அவர்களே வாங்கிக் கொடுத்தார்கள். ஜகாத்துக்கும் வருஷம் ஒன்று நிறைந்தால் புதுக் கணக்குத்தான். போன வருஷத் தாராளம் இவ்வருஷப் பாக்கியைத் தீர்க்காது.

வில்லைப் பற்றிப் பேசும்போது உஹதைச் சொல்லாமல் எப்படி விடுவது? ஹிஜ்ரி 3-ம் ஆண்டு. அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் ஐம்பது வில்லாளர்களை நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு சிறு குன்றின் மேல் நிறுத்தினார்கள். நாங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும், நான் ஆளனுப்பும் வரை இடத்தை விடக் கூடாது என்பது கட்டளை. யுத்தம் சாதகமாகத் திரும்பியது. எதிரிகள் ஓடினார்கள். கீழே கனீமத்துப் பொருள் கிடந்தது. மேலே நின்றவர்களில் பெரும்பாலோர், காரியம் முடிந்து விட்டது என்று எண்ணி இறங்கினார்கள். தலைவர் தடுத்தும் நிற்கவில்லை. சிலரே அவரோடு நின்றார்கள். அப்போது எதிர்ப் படையில் இருந்த காலித் இப்னு வலீத் அந்தக் காலி இடத்தைக் கண்டு குதிரைகளோடு பின்புறம் சுற்றி வந்தார். எழுபது பேர் ஷஹீதானார்கள். நாயகத்தின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களும் அதில் ஒருவர். நாயகமே காயம் பட்டார்கள்.

இறங்கியவர்கள் மோசமான மனிதர்கள் அல்லர். பத்ரைக் கண்டவர்களும் இருந்த சமூகம் அது. அல்லாஹ் அவர்களை மன்னித்து விட்டதை ஆலு இம்ரான் ஸூரா சொல்கிறது. ஆகவே அவர்களைக் குறை சொல்ல நமக்கு நாவில்லை. அவர்கள் அம்பு குறி தவறவும் இல்லை. கணக்கு முடியுமுன் முடிந்ததாக நினைத்தார்கள், அவ்வளவே. ஏட்டை அவசரமாக மூடிய எமக்கு அந்தக் குன்றைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இப்போது மாடிக் கட்டுகள் ஞாபகம் வருகின்றன.

அதே உஹதில் கலையாமல் நின்று அம்பு எய்தவர் ஸஅது (ரலி) அவர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தங்கள் கையாலேயே அவருக்கு அம்புகளை எடுத்துக் கொடுத்து, தம் தாய் தந்தையரையே அவருக்கு அர்ப்பணமாகச் சொல்லி உற்சாகப்படுத்தினார்கள். பல வருஷங்கள் கழித்து, ஹஜ்ஜத்துல் விதாவின்போது, ஸஅது அவர்கள் மக்காவில் கடும் நோயாய்ப் படுத்தார்கள். அப்போது அவர்கள் செல்வந்தர். வாரிசாக ஒரே மகள். பார்க்க வந்த நாயகத்திடம், என் பொருளில் மூன்றில் இரண்டைத் தர்மம் செய்து விடட்டுமா என்றார்கள். வேண்டாம் என்றார்கள் நாயகம். பாதி? வேண்டாம். மூன்றில் ஒன்று? மூன்றில் ஒன்று சரி, அதுவே அதிகம்தான் என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிட, போதுமான நிலையில் விட்டுச் செல்வது நல்லது என்றும் சொன்னார்கள்.

எவ்வளவு துல்லியம் பாருங்கள்! மரணப் படுக்கை என்று நினைத்த இடத்திலும் இரண்டு பங்கா, பாதியா, ஒரு பங்கா என்றுதான் பேச்சு. "ஏதோ கொஞ்சம்" என்ற வார்த்தை அங்கே இல்லை. ஏழையின் உரிமைக்கும் அளவு, மகளின் உரிமைக்கும் அளவு.

ஷஃபான் மாதத்திலேயே இருப்பு எடுத்துவிட்டால் ரமலானில் தொழுகைக்கும் ஓதலுக்கும் நேரம் கிடைக்கும். எடுக்கும்போது கடைச் சிப்பந்தி ஒருவரையும் வீட்டுப் பிள்ளை ஒருவரையும் கூட வைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் எண்ணட்டும், மற்றவர் எழுதட்டும். கூட்டு வியாபாரமானால் பங்காளிகள் எல்லாரும் வந்து நிற்பது நல்லது. எண்ணி முடித்த கட்டின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி போட்டு விடுங்கள். நாம் அப்படித்தான் செய்து வருகிறோம். மாடியில் இன்னும் குறி போடாத கட்டுகள் நான்கு இருக்கின்றன. மகன் ஏணியை எடுத்து வைத்து விட்டான், கூப்பிடுகிறான்.

வஸ்ஸலாம்.